ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: மனத்துக்குப் பிடித்த இரண்டாம் பாகத்தோடு நான்காம் பாகத்தை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஒரு பழங்கால நாட்டை எடுத்துக்கொண்டு, ஊர் கட்டி, படை திரட்டி எதிரியை வெல்லும் கணினி விளையாட்டுத் தொடர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். புதுச்சேரியில் முப்பது வயதைத் தாண்டிய கணினி விளையாட்டுப் பிரியர் எவரிடமாவது அதன் நான்காம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "என்ன இருந்தாலும் ரெண்டு மாதிரி வராது" என்ற தீர்ப்புதான் பெரும்பாலும் முதலில் வரும். அந்தத் தீர்ப்பு தவறென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதைச் சொல்பவர் எந்த இரண்டாம் பாகத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுப் பார்த்தால் பதில் தெளிவாக வருவதில்லை. லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் பள்ளி முடிந்த மாலைகளில் ஆடியதையா, 1999-ஆம் ஆண்டு குறுவட்டில் வெளிவந்ததையா, இன்று பணம் கட்டிப் பதிவிறக்கி ஆடுவதையா? பெயர் ஒன்றுதான், ஆட்டங்கள் மூன்று. புதிய பாகத்தைப் பற்றி நண்பர்களிடம் சொல்லவோ எழுதவோ விரும்புகிறவர், இந்த மூன்றையும் பிரித்துக்கொள்வதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்தப் பழைய ஆட்டம்?

இரண்டாம் பாகத்தை என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் 1999 செப்டம்பரில் வெளியிட்டது. அதில் 13 நாகரிகங்கள், அதாவது தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய மக்கள் இனங்கள், இருந்தன. இந்திய நாகரிகம் எதுவும் இல்லை. ஓர் ஆட்டக்காரருக்கு இத்தனை மக்கள் என்ற வரம்பு, யாரும் மாற்றாவிட்டால், 75 என்றே இருந்தது. வயலில் விளைச்சல் தீர்ந்துவிட்டால் ஆட்டக்காரரே தேடிப் போய் மீண்டும் விதைக்க வேண்டும். மரக்கிடங்கு கட்டி முடித்த வில்லேஜர் (உணவும் மரமும் சேர்த்து, கட்டடம் எழுப்பும் வேலையாள்) தானாக மரம் வெட்டப் போகாமல் அங்கேயே சும்மா நிற்பார். இந்த இரண்டு தொல்லைகளையும் குறைத்தது 2000-இல் வந்த 'தி கான்கரர்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பு. நம்மில் பெரும்பாலோர் பழைய ஆட்டம் என்று நினைவில் வைத்திருப்பது இந்தத் தொகுப்பு சேர்ந்த ஆட்டத்தைத்தான், 1999-இன் மூல ஆட்டத்தை அன்று.

அதன் பிறகும் அது நிற்கவில்லை. 2013-இல் உயர்தெளிவுப் பதிப்பு வந்தது. அதே ஆண்டின் கூடுதல் தொகுப்பில் 'இந்தியர்கள்' என்ற பொதுப்பெயரில் ஒரு நாகரிகம் சேர்ந்தது. 2019 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்ட டெஃபினிட்டிவ் எடிஷன் 35 நாகரிகங்களோடு வெளியானது. வயல்கள் தாமாகவே மறுவிதைப்புக்குச் செல்லும் வசதி, வேவு பார்க்கும் ஸ்கௌட் குதிரை தானாக வரைபடத்தைச் சுற்றிப் பார்க்கும் வசதி, வில்லேஜர்களை உருவாக்கும் மையக் கட்டடங்களான பல டவுன் சென்டர்களுக்கு ஒரே கட்டளையில் வேலை கொடுக்கும் வசதி ஆகியவை அதில்தான் வந்தன. நான்காம் பாகம் வெளிவந்தது 2021 அக்டோபர் 28-இல். இரண்டாம் பாகத்தில் 'இந்தியர்கள்' பிரிக்கப்பட்டு, திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என்று தனித்தனி நாகரிகங்கள் நின்றதும், ராஜேந்திர சோழனுக்கென்று ஒரு தொடர்கதை கிடைத்ததும் 2022 ஏப்ரல் 28-இல். அதாவது, தமிழ் ஆட்டக்காரர்கள் பழைய பாகத்தின் மீது வைத்திருக்கும் பாசத்துக்கு இன்று சொல்லும் காரணங்களுள் மிக வலுவானது, புதிய பாகம் வெளிவந்து ஆறு மாதம் கழித்துத்தான் அந்தப் பழைய பாகத்துக்குள் வந்தது.

இதை மறந்துவிட்டு ஒப்பிட்டால், இருபது ஆண்டுகளுக்கு மேல் திருத்தப்பட்ட ஒன்றையும் அப்போதுதான் பிறந்த ஒன்றையும் ஒரே தராசில் வைத்ததாகிவிடும். ஆகவே உங்கள் கேள்வி என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "இன்று பணம் கொடுத்து வாங்குகிறவர் எதை வாங்கலாம்?" என்பது கேள்வியானால், இன்றைய டெஃபினிட்டிவ் எடிஷனையும் இன்றைய நான்காம் பாகத்தையும் ஒப்பிடுங்கள்; நான்காம் பாகமும் வெளியான நாளிலிருந்து நிறைய மாறியிருக்கிறது. "வெளியான நாளில் எது துணிச்சலான படைப்பு?" என்பது கேள்வியானால், 1999-இன் ஆட்டத்தை அதற்கு முன் இருந்த முதல் பாகத்தோடும், 2021-இன் ஆட்டத்தை அதற்கு முந்தைய பாகங்களோடும் வைத்துப் பார்க்க வேண்டும். படை வரிசைகள், கோட்டைக் கதவுகள், கட்டடத்துக்குள் படைகளை ஒளித்து வைப்பது என்று முதல் பாகத்தில் இல்லாத எத்தனையோ இரண்டாம் பாகத்தில் வந்தன என்பது அப்போதுதான் கண்ணில் படும். இரண்டு கேள்விகளும் நல்லவையே. ஒரே பத்தியில் இரண்டையும் கலப்பதுதான் கூடாது.

நினைவை முதலில் எழுதி வையுங்கள்

எந்த ஆட்டத்தையும் திறப்பதற்கு முன், இரண்டாம் பாகத்தைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். திறந்த பிறகு எழுதினால் பயனில்லை. திரையில் காண்பது நினைவை உடனே திருத்திவிடும். எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். ஆட்டத்துக்குள் இருந்தவை ஒரு பக்கம், ஆட்டத்தைச் சுற்றி இருந்தவை மறுபக்கம். தூய துறவி எதிரியின் யானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது ஆட்டத்துக்குள் இருந்தது. மணிக்கணக்குக் காசு தீரப் போகிறதென்று தெரிந்தும் கடைசி ஐந்து நிமிடத்தில் கோட்டையைத் தாக்கியது, பக்கத்து இருக்கையில் இருந்த நண்பன் எட்டிப் பார்த்து நம் படையைக் கண்டுபிடித்தது, காலாப்பட்டுப் பக்கம் கல்லூரி விடுதியில் கேபிள் இழுத்து விடிய விடிய ஆடியது ஆகியவை எல்லாம் ஆட்டத்தைச் சுற்றி இருந்தவை.

இரண்டாவது பட்டியலை மதிப்புக் குறைவாகக் கருதச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு மனிதர்களை எப்படிச் சேர்த்தது என்பதும் அதன் குணம்தான். இணையமே இல்லாமல் ஓர் அறைக்குள் கம்பி இழுத்து ஆட முடிந்தது என்பது அன்றைய இரண்டாம் பாகத்தின் உண்மையான பலம். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் புதிய பாகம் தரவில்லை என்று குறை கூற முடியாது. நமக்குப் பதினைந்து வயது என்பதை எந்த நிறுவனமும் மறுபடி வெளியிடப் போவதில்லை. எழுதும்போது அந்த நினைவுகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, அவை நினைவுகள் என்றே சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் நேர்மை.

ஒரே மாதிரியான சூழலை அமையுங்கள்

இரண்டையும் ஒரே கணினியில், ஒரே மாதத்தில் ஆடுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். நான்காம் பாகம் முழு முப்பரிமாண ஆட்டம். குறைந்தது 8 ஜிபி ராம், 50 ஜிபி இடம் கேட்கிறது. 1999-இன் மூல ஆட்டம் 32 எம்பி ராமில் ஓடியது. மே மாதக் கத்திரி வெயிலில், கடற்கரையோர ஈரக் காற்றில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் ஒரு சாதாரண மடிக்கணினியில் நான்காம் பாகத்தை ஆடினால், சற்று நேரத்தில் கணினி சூடேறி வேகம் குறைகிறது. பெரிய போர் நடக்கும் நேரத்தில் படம் தடைபடுகிறது. அதை ஆட்டத்தின் மந்தம் என்று எழுதிவிடக் கூடாது. கணினியின் விவரத்தைக் குறிப்பிட்டு, காட்சித் தரத்தைக் குறைத்து ஒருமுறையும் ஆடிப் பார்த்து, பிறகு சொல்லுங்கள். மறுபுறம், எளிய கணினி வைத்திருக்கிறவருக்கு அந்தச் சூடும் தடையும் உண்மையான விலைதான் என்பதால் அதை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம்.

வரைபடத்தையும் ஒத்ததாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் பாகத்தில் அரேபியா என்ற திறந்த வெளி வரைபடமும் பிளாக் ஃபாரஸ்ட் என்ற அடர்காட்டு வரைபடமும் புகழ்பெற்றவை. நான்காம் பாகத்தில் டிரை அரேபியா, பிளாக் ஃபாரஸ்ட் என்று அவற்றின் உறவுகள் இருக்கின்றன. ஒன்றில் திறந்த வெளியிலும் மற்றொன்றில் தீவுகளிலும் ஆடிவிட்டு, "இதில் ஆரம்பத்தில் ஒன்றும் நடப்பதில்லை" என்று சொல்வது பயன் தராது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது நம் கையின் பழக்கத்தைச் சமன் செய்வது. இரண்டாம் பாகத்தை ஆண்டுக்கணக்கில் ஆடியவருக்கு எந்த நிமிடத்தில் எத்தனை வில்லேஜர் இருக்க வேண்டும் என்பது யோசிக்காமலே வரும். நான்காம் பாகத்தில் அதே ஆள் நடுத்தரக் கணினி எதிரியிடமே தோற்பார். தோல்வியின் எரிச்சல் ஆட்டத்தின் மீது திரும்பும். இதற்கு ஒரே மருந்து, புதிய பாகத்தில் நீங்கள் தொடர்ச்சியாக வெல்லத் தொடங்கும்வரை தீர்ப்பு எதையும் எழுதாமல் இருப்பது. வென்ற பிறகும் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பிடிக்காமைக்கு மதிப்பு உண்டு.

எதை ஒப்பிடுவது?

"இதில் அது இருக்கிறது, அதில் இது இல்லை" என்ற கணக்கு எளிது. அதனால்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் அதோடு முடிந்துவிடுகின்றன. நான் பரிந்துரைக்கும் முறை வேறு. ஒவ்வோர் அமைப்பையும் எடுத்து, அது ஆட்டக்காரரை என்ன முடிவெடுக்க வைக்கிறது என்று கேளுங்கள். சில அமைப்புகளை இப்படிப் பார்த்துக் காட்டுகிறேன்.

யுகம் மாறுவதை, அதாவது ஊர் அடுத்த வளர்ச்சிக் கட்டத்துக்குப் போவதை, எடுத்துக்கொள்வோம். இரண்டாம் பாகத்தில் முதல் யுகமான டார்க் ஏஜிலிருந்து இரண்டாவதான ஃபியூடல் ஏஜுக்குப் போக 500 உணவு வேண்டும். டார்க் ஏஜுக்குரிய இரண்டு கட்டடங்கள் இருக்க வேண்டும். பிறகு டவுன் சென்டரில் ஒரு பொத்தான். மாற்றம் நடக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட நேரம் அந்த டவுன் சென்டரில் புதிய வில்லேஜர் பிறக்க முடியாது. எனவே முடிவு ஒன்றே: எப்போது? சீக்கிரம் போனால் ஆள் குறைவு, தாமதித்தால் எதிரி முந்துவான். நான்காம் பாகத்தில் யுகம் மாற, பெரும்பாலான நாகரிகங்கள் ஒரு லேண்ட்மார்க் கட்டடத்தை வில்லேஜர்களைக் கொண்டு எழுப்ப வேண்டும். ஒவ்வொரு யுகத்துக்கும் இரண்டு லேண்ட்மார்க்குகள் காட்டப்படும், ஒன்றைத்தான் கட்டலாம். அதை எழுப்பும்போது டவுன் சென்டர் வழக்கம்போல் வில்லேஜர்களை உருவாக்கிக்கொண்டிருக்கும். அதிகம் பேரை வேலைக்கு அனுப்பினால் விரைவாக முடியும். கட்டிய பின் அது ஏதோ ஒரு சலுகையைத் தந்துகொண்டே நிற்கும். எல்லா லேண்ட்மார்க்குகளும் இடிந்தால் ஆட்டமே போய்விடும். இங்கே முடிவுகள் பல: எப்போது, எதை, எங்கே, எத்தனை பேரைக் கொண்டு? என் தீர்ப்பில் இது நான்காம் பாகத்தின் மிகச் சிறந்த மாற்றம். ஆனால் இரண்டாம் பாகத்தின் அந்த ஒற்றை முடிவுக்கு இருந்த கூர்மை, அந்த இரண்டு நிமிட மூச்சுப் பிடிப்பு, இதில் குறைந்துவிட்டது என்பதும் உண்மை. இப்படி ஒரே அமைப்பில் கிடைத்ததையும் போனதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் வாசகர் தன் விருப்பத்தைத் தானே கண்டுகொள்ள முடியும்.

அடுத்து அம்புகள். இரண்டாம் பாகத்தில் அம்பு ஓர் இடத்தை நோக்கிப் பறக்கும். இலக்கான வீரன் அதற்குள் நகர்ந்துவிட்டால் அம்பு மண்ணில் விழும். பாலிஸ்டிக்ஸ் ஆய்வைச் செய்த பிறகுதான் வில்லாளிகள் நகரும் ஆளைக் கணித்து எய்வார்கள். கையில் வேகம் உள்ளவர் ஒரு சிறு படையை இடதும் வலதுமாக ஆட்டி, தன்னைவிடப் பெரிய வில்படையைத் தோற்கடிக்க முடியும். நான்காம் பாகத்தில் வில்லாளி எய்த அம்பு குறி தவறுவதில்லை. இலக்கு எங்கே ஓடினாலும் பின்தொடர்ந்து தைக்கும். இரண்டாம் பாகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் "கைக்கு வேலை இல்லை" என்று சொல்வதன் வேர் பெரிதும் இங்கேதான் இருக்கிறது. இதை எழுதும்போது வெறும் "ஆழம் இல்லை" என்று எழுதிவிடாமல், அம்பை ஏமாற்றும் திறமைக்கு இடமில்லை என்று எழுதுங்கள். அந்தத் திறமை இல்லாத, அலுவலகம் முடிந்து இரவில் ஆடுகிற ஒருவருக்கு அதுவே நல்ல செய்தியாக இருக்கும்.

கோட்டைச் சுவரில் நிலைமை தலைகீழ். இரண்டாம் பாகத்தில் சுவர் ஒரு தடை மட்டுமே. அதன்மேல் யாரும் ஏற முடியாது. நான்காம் பாகத்தில் கற்சுவரின் மேல் வில்லாளிகள் நடந்து போய் வரிசையாக நிற்பார்கள். அந்தச் சுவரை இடிக்க முற்றுகைப் பொறிகள் வேண்டும், வாள்வீரர்கள் வெட்டி இடிக்க முடியாது. காலாட்படை களத்திலேயே இடிமரத்தையும் முற்றுகைக் கோபுரத்தையும் கட்டிக்கொள்ளலாம். செஞ்சிக் கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போய், இந்தச் சுவரை எப்படித்தான் பிடித்தார்கள் என்று யோசித்த பிள்ளைக்கு நான்காம் பாகம் பதில் போன்ற ஒன்றைத் தருகிறது. முற்றுகையை ஒப்பிடும்போது பழைய பாகத்தின் மீதுள்ள பாசம் குறுக்கே வந்தால், இரண்டிலும் ஒரே அளவு சுவருக்குள் இருந்துகொண்டு கணினி எதிரியைத் தாக்க விடுங்கள். வேறுபாடு சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

துறவிகளையும் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு துறவி கைநீட்டி ஓதினால் எதிரி வீரன் ஒருவன் நிறம் மாறி நம்மவனாகிவிடுவான். நான்காம் பாகத்தில் துறவி புனிதப் பொருளைக் கையில் ஏந்தியிருந்தால்தான் மதம் மாற்ற முடியும். ஆனால் மாற்றும்போது சுற்றியுள்ள பலரை ஒரே நேரத்தில் மாற்றுவார். இது அடிக்கடி நடக்காது. நடந்தால் போரின் போக்கே மாறும்.

வயல் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்தில் வயல் தீரும், நான்காம் பாகத்தில் தீராது. சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு மரத்தின் மதிப்பே குறைந்துபோன உணர்வு.

நாகரிகங்களை ஒப்பிடுவதில்தான் கூடுதல் பொறுமை வேண்டும். இரண்டாம் பாகத்தில் எல்லா நாகரிகங்களுக்கும் அடிப்படை ஒன்றே. சில ஆய்வுகள் இருக்கும், சில இராது, தனிச்சிறப்பான ஒன்றிரண்டு படைகள் இருக்கும். ஒன்றை நன்றாகக் கற்றவர் மற்றவற்றில் உடனே உட்கார்ந்துவிடலாம். நான்காம் பாகம் 8 நாகரிகங்களோடுதான் வந்தது. ஆனால் அவை ஒன்றுக்கொன்று வெகுதூரம். மங்கோலியர் கட்டடங்களைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோவார்கள்; அவர்களுக்குச் சுவர் கிடையாது. டெல்லி சுல்தானகத்துக்கு ஆய்வுகள் இலவசம், ஆனால் மிக மெதுவாக நடக்கும். அறிஞர்களை மசூதியில் அமர்த்தினால் வேகம் கூடும். அப்பாசியர்கள் லேண்ட்மார்க் கட்டுவதில்லை; ஞான இல்லத்துக்குப் பக்கக் கட்டடங்களைச் சேர்த்து யுகம் மாறுவார்கள். ஆகையால் "13-க்கு 8, குறைவுதானே" என்ற எண்ணிக்கை வாதம் இங்கே எடுபடாது. அதே நேரத்தில், இங்கிலாந்தை மட்டும் ஆடிவிட்டு "பழையது மாதிரியே இருக்கிறது" என்று சொல்வதும் தவறு. வெளிவந்தவற்றுள் இரண்டாம் பாகத்துக்கு மிக அருகில் இருப்பது இங்கிலாந்துதான். குறைந்தது இங்கிலாந்து, மங்கோலியர், டெல்லி ஆகிய மூன்றையாவது ஆடிய பிறகே நாகரிகங்களைப் பற்றி எழுதுங்கள்.

கதை சொல்லும் முறை: ழான் தார்க் என்ற உரைகல்

கதைத் தொடர்களை ஒப்பிட, இரண்டு பாகங்களிலும் வரும் ஒரே வரலாற்றைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி. புதுச்சேரிக்காரர்களுக்கு அப்படி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டூமா வீதியில் கப்ஸ் கோயில் என்ற தேவாலயத்துக்கு எதிரே உள்ள தோட்டத்தில் கொடியேந்தி நிற்கும் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) சிலையை நாம் எல்லோரும் கடந்துபோயிருக்கிறோம். 1429-இல் ஓர்லியான் நகரின் முற்றுகையை உடைத்து, 1431-இல் ரூவான் நகரில் தீயிலிடப்பட்ட அந்தப் பெண், 1999-இன் ஆட்டத்திலேயே ஒரு முழுத் தொடரின் நாயகி.

இரண்டாம் பாகத்தில் அவளுடைய கதை, அவளோடு செல்லும் ஒரு வீரனின் குரலில், கோட்டோவியங்களின் மேல் சொல்லப்படுகிறது. முதல் கட்டத்தில் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு அவளைப் பாதுகாப்பாகச் சினோன் நகர் வரை கொண்டுசேர்க்க வேண்டும்; அவள் இறந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தக் குரலில் முதலில் சந்தேகமும், பிறகு பக்தியும், கடைசியில் துக்கமும் இருக்கின்றன. நான்காம் பாகத்தின் நூறாண்டுப் போர்த் தொடர் வேறு பாதையில் போகிறது. இன்றைய ஊர்களையும் கோட்டைகளையும் நேரில் படம்பிடித்து, அவற்றின் மேல் அன்றைய வீரர்களை ஒளியுருவங்களாக நடக்கவிட்டு, ஆவணப்படம் போல நிகழ்வுகளை விளக்குகிறது. கவசம், நெடுவில், முற்றுகைப் பொறி ஆகியவை எப்படிச் செய்யப்பட்டன என்று காட்டும் குறும்படங்களும் உண்டு. அந்தப் படங்களுக்காகவே நான்காம் பாகத்தை வாங்கலாம் என்பேன்; வரலாறு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றுக்குத் தனி மதிப்பு. ஆனால் ஒரு மனிதரோடு நம்மைப் பிணைக்கும் வேலையை அவை செய்வதில்லை. 1999-இன் எளிய ஓவியங்கள் அதைச் செய்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2023 நவம்பரில் வந்த 'தி சுல்தான்ஸ் அசெண்ட்' தொகுப்பில் ழான் தார்க் பெயரிலேயே ஒரு நாகரிக வகை நான்காம் பாகத்தில் சேர்ந்தது. அதில் அவள் சாதாரணப் பெண்ணாகத் தொடங்கி ஆட்டத்தின் போக்கில் அனுபவம் பெற்று வளர்கிறாள். அதை இரண்டாம் பாகத்தின் கதைத்தொடரோடு வைத்து ஒப்பிடாதீர்கள். கதைத்தொடரைக் கதைத்தொடரோடும், போட்டி ஆட்டத்தைப் போட்டி ஆட்டத்தோடும்தான் பொருத்த வேண்டும்.

தமிழ்க் குரலுக்கு எவ்வளவு எடை?

இரண்டாம் பாகத்தில் திராவிடர் நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்தால் வில்லேஜர்களும் வீரர்களும் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி என்ற வளையும் வாளைச் சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற கப்பல், ஊட்ஸ் எஃகு என்ற ஆய்வு, மீன்பிடியில் சலுகை என்று கடற்கரை மக்களுக்கு நெருக்கமானவை பல அதில் உண்டு. 1014 முதல் 1044 வரை ஆண்ட ராஜேந்திரனின் தொடரில் அவனுடைய கடல் கடந்த படையெடுப்பு வருகிறது. பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகளைக் கண்டு வளர்ந்தவருக்கு அந்தத் தொடரை ஆடும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பு; எனக்கும் அப்படித்தான். நான்காம் பாகம் வெளிவந்தபோது அதிலிருந்த ஒரே இந்திய நாகரிகம் டெல்லி சுல்தானகம்.

இந்த உணர்வை ஒப்பீட்டிலிருந்து நீக்க வேண்டாம். தனியாக, உங்கள் பெயரில் சொல்லுங்கள். "தமிழ் ஆட்டக்காரனாகிய எனக்கு இது பெரிது" என்று எழுதுவது நேர்மை. "ஆகவே இரண்டாம் பாகத்தின் போர்முறை சிறந்தது" என்று தாவுவது நேர்மையன்று. பெருமையோடு கூடவே கேள்விகளையும் வையுங்கள். தமிழரையும் தென்னாட்டின் பிறரையும் ஒரே பெயருக்குள் அடக்கியது சரியா, கேரளத்தோடு அதிகம் தொடர்புள்ள உருமியைச் சோழரின் அடையாளப் படையாக்கலாமா என்பவற்றை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

எழுதும்போது

காட்சி, இசை ஆகியவற்றுக்குக் குறைவான இடமே போதும். ஒரு காணொளியைப் பார்த்து எவரும் தாமே முடிவு செய்துகொள்வார்கள். ஒன்றை மட்டும் சொல்லலாம்: நான்காம் பாகத்தில் யுகம் மாற மாற, படைகள் பேசும் மொழியும் பழைய வடிவத்திலிருந்து பிந்தைய வடிவத்துக்கு மாறுகிறது. அது காதில் விழுந்தும் பலர் கவனிப்பதில்லை.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டாம். இரண்டாம் பாகத்துக்கு 95, நான்காம் பாகத்துக்கு 85 என்று போட்டால் வாசகர் அந்த எண்களோடு போய்விடுவார். நீங்கள் அம்பைப் பற்றியும் லேண்ட்மார்க்கைப் பற்றியும் எழுதியது வீணாகும். மாறாக, யாருக்கு எது என்று எழுதுங்கள். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு பாகங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டு, வேறு இரண்டு விளையாட்டுகளின் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அந்த வாக்கியம் பொருந்தினால், அது எதையும் சொல்லவில்லை, அடித்துவிடுங்கள். "பழையதில் ஓர் உயிர் இருந்தது" என்பது இந்தச் சோதனையில் விழும். "யுகம் மாறும்வரை வில்லேஜர் பிறக்காத அந்த இடைவெளி என்னைப் பதற வைத்தது" என்பது நிற்கும்.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கொருவர் நேருக்கு நேர் மோதி, கையின் வேகத்தாலும் கணக்காலும் வெல்ல விரும்புகிறவர் இன்றைய டெஃபினிட்டிவ் எடிஷனை ஆட வேண்டும். அதற்கு இணை இல்லை. முற்றுகையை விரும்புகிறவரும், ஒவ்வொரு நாகரிகத்தையும் புதிதாகக் கற்பதில் மகிழ்கிறவரும், இந்த வகை விளையாட்டை இதுவரை தொட்டிராதவரும் நான்காம் பாகத்தில் தொடங்கலாம். வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் நான் நான்காம் பாகத்தையே திறப்பேன்; ராஜேந்திரனின் தொடரை ஆட இரண்டாம் பாகத்துக்கு அந்தப் பிள்ளை தானாகவே வந்து சேரும்.

கடைசியாக, நீங்கள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் பதிப்பு எண்ணையும் மாதத்தையும் கட்டுரையின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். இரண்டு பாகங்களும் இன்னும் திருத்தப்பட்டு வருகின்றன. நான்காம் பாகம் வெளியானபோது தரவரிசைப் போட்டி இல்லை. அது 2022-இல்தான் வந்தது. அந்தக் குறையைச் சொல்லும் 2021-இன் விமரிசனங்களை இன்றும் தேதி பாராமல் படித்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய திருத்தம் வந்தால் முழுவதையும் மாற்றி எழுத வேண்டாம். அது தொட்ட பகுதியை மட்டும் மீண்டும் ஆடிப் பார்த்து, அந்தப் பத்தியை மாற்றி, பக்கத்தில் புதிய மாதத்தைப் போட்டுவிடுங்கள்.